ஓடைப் பக்கத்துக் காக்கை

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார் வில்மர்.

ஜானெல் அந்த வீட்டுக்கு முதல் தடவையாகச் சாப்பிட வந்திருந்தாள். வில்மரின் மகன் கர்ட்டுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று முடிவாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வருங்கால மாமனார் என்ன கேட்பார் என்று யோசித்து வழியெல்லாம் பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் தயார் செய்யவில்லை.

"வியாழன்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நேத்து புதன்."

"அது சரி. காலண்டரே இல்லேன்னு வச்சுக்கோ. அப்ப எப்படித் தெரிஞ்சுக்குவே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியாது."

"ஜன்னல் வழியா என் வண்டியப் பாரு."

பார்த்தாள். வாசலில் நின்ற பிக்கப் வண்டியின் கூரைமேல் ஒரு காக்கை, சொந்த வீட்டுத் திண்டில் சாய்ந்ததுபோல உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு அது அங்க இருக்காது," என்றார் வில்மர். "பென்சில்வேனியால வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுந்தான் காக்கா சுடலாம். அந்தச் சட்டம் எனக்குத் தெரியறதவிட அதுக்கு நல்லாத் தெரியும். வியாழக்கிழமை என் வண்டிமேல எச்சம் போடும். வெள்ளிக்கிழமை அரை மைல் தள்ளித்தான் பறக்கும்."

"அந்தப் பொண்ண ஒரு வாய் சாப்பிட விடு, வில்மர்," என்றார் அவர் மனைவி வெர்னா.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஏம்மா, நீ ரொம்பப் பேசுவியா?"

"இல்ல."

"நல்லது," என்று சொல்லி உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "கர்ட்டால தும்மாம பத்து நிமிஷம் உட்கார முடியாது."

அந்த ஒரு "இல்ல"வில் தனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்பது ஜானெலுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் புரிந்தது. கர்ட் பெரிய லாரி ஓட்டுகிறவன். சனி ஞாயிறுகளில் ஏதாவது ஒரு மாநிலத்தின் நெடுஞ்சாலையில் இருப்பான். ஆகவே வேலியோரப் புதருக்குள் வில்மருக்குப் பக்கத்தில் காப்பிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது மருமகளின் பொறுப்பாயிற்று. அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை; தொடச் சொல்லி அவர் கேட்டதுமில்லை. வாரம் முழுவதும் ஊர் நூலகத்தில் அமைதியாக இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, சம்பளமில்லாமல் அமைதியாக இருப்பதும் பிடித்திருந்தது.

வில்மர் கிராட்சர் முப்பத்தொரு வருடம் பால் டேங்கர் ஓட்டியவர். அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பண்ணை நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்று தெரிந்தவர். மற்றபடி ஊரார் அவரைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வில்மர் ஊதினால் காக்கை வரும். விரல் நீளத்தில் வால்நட் மரத்தில் கடைந்த ஊதல் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு காக்கை இன்னொன்றைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல ஊதுவார்; ஆந்தையைக் கண்டு அலறுவதுபோல ஊதுவார்; இரண்டு காக்கைகள் சண்டை போடுவதை ஒற்றை ஆளாக ஊதுவார். கர்ட்டின் கல்யாணத்தில் புகைப்படக்காரர் எத்தனை சொல்லியும் கூட்டம் ஒரே பக்கம் பார்க்கவில்லை. வில்மர் பின்வரிசையிலிருந்து ஒரு ஊது ஊதினார். மணப்பெண் உட்பட எண்பது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் படம் இன்னும் வெர்னாவின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஊதல் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது வெர்னாவின் கட்டளை. வில்மர் வண்டிக்குள் உட்கார்ந்துதான் ஊதிப் பழகுவார். சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிற்கிற கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.

போன இலையுதிர் காலத்தில் அவருடைய மேல்வரிசைப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் வைத்தார்கள். வெர்னா பார்த்துவிட்டு, கல்யாணமான நாளில்கூட இவ்வளவு அழகாக இருந்ததில்லை என்றார். வில்மர் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தார். காற்று பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எங்கோ ஓடி ஒளிந்து, விசில் போலவும் விக்கல் போலவும் ஏதோ ஒன்று வெளியே வந்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அடுத்து வந்த குளிர்காலத்தில்தான் கேலன் புரூபேக்கரின் வயல் சங்கதியும் கிளம்பியது. மற்ற வயல்களில் ஒவ்வொன்றாகச் சூரியத் தகடுகளும் சரக்குக் கிடங்குகளும் முளைத்துவிட, காக்கை சுட வில்மருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சோளத்தாள் வயல்தான். கேலனின் அப்பா இருந்தவரை அனுமதி கேட்கும் சடங்கு சுலபம்: ஜனவரியில் ஒரு நாள் போய் வாசலில் நின்று வானிலை பேசிவிட்டு வர வேண்டும், வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அப்பா இல்லை. கேலனுக்கோ வேறு கவலை. மாட்டுத் தீவனத்தைப் புளிக்க வைக்கிற நீளநீளமான வெள்ளைப் பிளாஸ்டிக் பைகள் மூன்று, கொட்டிலுக்குப் பின்னால் படுத்திருக்கும் திமிங்கலங்களைப்போலக் கிடந்தன. காக்கைகள் நாள் முழுதும் அவற்றின்மேல் உட்கார்ந்து கொத்தி ஓட்டை போட்டன. ஓட்டை வழியாகக் காற்று போனால் தீவனம் கெட்டுப்போகும்; மாடு முகம் திருப்பிக்கொள்ளும்.

"காக்காவச் சுடப் போறதுக்கு முன்னாடி கேலனக் கொஞ்சம் காக்கா பிடிச்சுட்டு வா," என்று வெர்னா சொல்லித்தான் அனுப்பினார்.

வில்மருக்கு அந்த வித்தை மட்டும் வராது. தீவனக் கடை வாசலில் கேலனைப் பார்த்ததும், "உங்க அப்பா பைய இதவிட இறுக்கமாக் கட்டுவாரு," என்று ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற ஜானெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கேலன் கோபப்படவில்லை. அவன் காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் பால் கறக்கிறவன். கோபப்படுகிற அளவுக்குத் தூக்கம் அவனிடம் மிச்சமில்லை. "இங்க பாருங்க, வில்மர். எரிவாயு வேட்டுக்குழாய் ஒண்ணு விலை பேசி வச்சிருக்கேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா வெடிக்கும். அத வச்சா அப்புறம் வயல்ல காக்காவும் இருக்காது, உங்களுக்கும் வேலை இருக்காது. சனிக்கிழமை ஒரு காலை தர்றேன். என் பைமேல உட்கார்ந்திருக்கிற கூட்டத்தக் கிளப்பிக் காட்டுங்க. கிளப்பினா ஏப்ரல் வரைக்கும் வயல் உங்களுது."

"கிளப்பலேன்னா?"

"வேட்டுக்குழாய்."

அன்று இரவு சாப்பாட்டில் வெர்னா ஜானெலிடம் தனியாகச் சொன்னார்: "அந்த வயலும் போச்சுன்னா இந்த ஆள நான் பகல் முழுக்க வீட்டுக்குள்ள வச்சிருக்கணும். நீ கூடப் போய் எப்படியாவது ஜெயிச்சுட்டு வா." விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு ஈரத்துணியால் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

சனிக்கிழமை விடியும்போது சோளத்தாள்கள் ஒவ்வொன்றின் தலையிலும் உறைபனி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. வில்மர் பன்னிரண்டு பொம்மைக் காக்கைகளை வயலில் பரப்பினார். வேலிக் கம்பத்தின் உச்சியில் பிளாஸ்டிக் ஆந்தை ஒன்றை நிறுத்தினார். ஆந்தை என்றால் காக்கைகளுக்கு ஆகாது. கண்டால் ஊரைக் கூட்டித் திட்ட வரும். பிறகு இருவரும் புதருக்குள் போய் உட்கார்ந்தார்கள். வெர்னா கொடுத்தனுப்பிய பீட்ரூட் சாற்றில் ஊறிய அவித்த முட்டைகளைப் புதுப் பல்லால் கடிக்கப் பயந்து, வில்மர் எல்லாவற்றையும் மருமகளிடம் தள்ளிவிட்டார்.

வயலின் மறுகோடியில், வெள்ளைப் பைகள் மேல் அறுபது காக்கைகளாவது இருக்கும். கொத்து, நிமிர்வு, கொத்து என்று மும்முரமாக இருந்தன.

வில்மர் ஊதினார்.

அறுபது தலைகளும் திரும்பின. சபையில் யாரோ ஏடாகூடமாகச் சத்தம் விட்டதுபோல ஒரு கணம் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலக் கொத்தப் போயின.

"குளிரு," என்றார் வில்மர். "மரம் சூடாகணும்."

ஊதலைக் கம்புக்கூட்டில் வைத்துச் சூடாக்கி மறுபடி ஊதினார். இந்தத் தடவை தலைகூடத் திரும்பவில்லை. மூன்றாம் தடவை ஊதியபோது பல்செட் லேசாகக் கழன்று ஊதலைக் கடித்தது. ஜானெல் காப்பியை ஊற்றி நீட்டினாள், அவர் வாங்கவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காது சிவந்திருந்தது. அது குளிரால் அல்ல.

அப்போது ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு காக்கை கரைந்தது.

மூன்று தடவை நீளமாக, கொஞ்சம் நிறுத்தி, இரண்டு தடவை குட்டையாக. கனத்த குரல். அதிகாரம் பழகிய குரல்.

வில்மர் அவள் முழங்கையைப் பிடித்தார். "கேட்டியா? இது சாதாரண ஆளு இல்ல. கூட்டத்துக்கே பெரிய தலை. இவன் ஒருத்தன் இந்தப் பக்கம் வந்தாப் போதும், மத்ததெல்லாம் பின்னாடியே வரும்."

ஊதினார். ஓடைப் பக்கம் பதில் சொன்னது.

"பேசுறான் பாரு. என்கிட்ட பேசுறான்." அவர் முகத்தில் அந்தக் காலையின் முதல் சிரிப்பு வந்தது. "முப்பது வருஷமா இந்த வயல்ல ஊதுறேன், இப்படி ஒரு தொண்டைய நான் கேட்டதில்ல. எவ்வளவு பெரிய கொம்பன் ஊதினாலும் இப்படி வராது. நிஜக் காக்காவாலதான் முடியும்."

முக்கால் மணி நேரம் இந்தச் சம்பாஷணை நடந்தது. வில்மர் ஊதலிலேயே சாப்பிடக் கூப்பிட்டார், அழுதார், ஆந்தை என்று அலறினார். எதற்கும் ஓடைப் பக்கத்துக் காக்கை மூன்று நீளம், இரண்டு குட்டை என்றே பதில் சொல்லியது. இரண்டாவது குட்டை முடிந்ததும் இருமல்போல ஒரு சின்னச் சத்தம். எல்லாத் தடவையும் அதே இருமல், அதே இடத்தில். ஐந்தாவது தடவையிலேயே ஜானெல் அதைக் கவனித்துவிட்டாள். இருமலைப் பார்த்துப் பார்த்து ஒரே அளவில் இருமுகிற காக்கை உலகத்தில் இருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. சொல்லலாமா என்று பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். வாயை மூடிக்கொண்டு ஒரு முட்டையைத் தின்றாள்.

"அவன் வரமாட்டான்," என்றார் வில்மர் கடைசியில். "கௌரவம் பாக்குறான். நாமதான் போகணும்."

வேலியைத் தாண்டுகிறவன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட வேண்டும். வில்மர் அதில் ஒருநாளும் தவறமாட்டார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கம்பிக்கு அடியில் புகுந்து, வாய்க்கால் வழியாக முழங்கால் போட்டு நகர்ந்தார். பின்னாலேயே ஜானெல் காப்பிக் குடுவையோடு. பத்தடிக்கு ஒரு தரம் நின்று ஊதுவார். பதில் வரும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்டத்தில்.

கடைசிப் புதரை விலக்கினார்.

கவிழ்த்த வாளிமேல் டெல்பர்ட் உட்கார்ந்திருந்தார். மடியில் தோட்டா போடாத துப்பாக்கி, குழல் மடங்கித் திறந்தபடி. கையில் பாதி தின்ற ரொட்டி. காலடியில் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி, மூன்று நீளம், இரண்டு குட்டை என்று கரைந்துகொண்டிருந்தது.

டெல்பர்ட்டும் வில்மரும் இருபது வருடம் ஒரே புதருக்குள் உட்கார்ந்தவர்கள். ஆறு வருடங்களுக்கு முன்பு டெல்பர்ட் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். வயலுக்கு ரேடியோ கொண்டு வருகிறவன் நாளைக்குப் பொண்டாட்டியைக் கொஞ்சவும் ரேடியோ கொண்டு போவான் என்று வில்மர் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது.

"யோவ்," என்றார் வில்மர்.

"யோவ்," என்றார் டெல்பர்ட். ரொட்டியை விழுங்கினார். "நீதானா அந்த நோயாளிக் காக்கா?"

"நோயாளியா?"

"ஒரு மணி நேரமாக் கேக்குறேன். தொண்டைல எலும்பு சிக்கின மாதிரி கத்துது. பாவம், கிட்ட வந்தா சுட்டு விடுதலை குடுப்போம்னுதான் தோட்டா போடப் போனேன். நல்லவேளை, முதல்ல ரொட்டி தின்னலாம்னு தோணிச்சு."

"பல்லு புதுசு."

"காட்டு."

வில்மர் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அழகாத்தான் இருக்கு," என்றார் டெல்பர்ட். "காக்காவுக்குத்தான் பிடிக்கல."

வில்மர் பெட்டியைச் சுட்டினார். "இந்த டப்பாவையா நான் இவ்வளவு நேரம்... சரி. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. டப்பா டப்பாதான். ஆனா உள்ள இருக்கிற காக்கா நல்ல காக்கா. எந்தக் கடைல வாங்கினே?"

டெல்பர்ட் குல்லாயைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேக்குறேன்ல?"

"கடைல வாங்கல. கடைல விக்கிறதெல்லாம் டெக்சாஸ் காக்கா. இழுத்து இழுத்துப் பேசுது. நம்ம ஊர்க் காக்காவுக்குப் புரியல."

"பின்ன?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி, குன்றுமேல நீ ஊதிக்கிட்டிருந்தே. நான் பின்னால இருந்து போன்ல எடுத்தேன். கடைசில ஒரு இருமல் வருதுல்ல, அதுவும் உன்னோடதுதான். வெட்டி எடுக்கத் தெரியல."

பெட்டி மூன்று நீளம், இரண்டு குட்டை கரைந்துவிட்டு இருமியது. வில்மர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி ஒரு தொண்டையைக் கேட்டதே இல்லை என்று தான் சொன்னதை மருமகள் கேட்டாள் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தார். ஜானெல் குடுவையின் மூடியை மிகக் கவனமாகத் திருகினாள்.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"என்னப் பிடிச்சு டப்பால போட்டு வச்சிருக்கே. ஒரு வார்த்த கேக்காம."

"கேட்டா பேசியிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"என் தொண்டைய வச்சு என் வயல்லயே எனக்குப் போட்டியா வந்திருக்கே."

"உன் வயலா? கேலன் எனக்குத்தான் சனிக்கிழமைன்னு சொன்னான்."

"எனக்குத்தான் சொன்னான்."

"அந்த நோயாளிச் சத்தத்தக் கேட்டுட்டா குடுத்தான்?"

வில்மர் ஊதலை வாயில் வைத்து, ஆறு வருடத்தையும் சேர்த்து ஊதினார். சண்டைக் குரல். பல்செட் துள்ளியது, காற்று கிழிந்தது, கழுத்து நெரிபடுகிற ஒரு காக்கையின் அலறல் வயலெங்கும் போயிற்று. டெல்பர்ட் பெட்டியை அணைக்க மறந்திருந்தார். அதற்குள்ளிருந்து ஏழு வருடத்துக்கு முந்தைய வில்மர், குறையே இல்லாத கனத்த குரலில், தன் பங்குக்குக் கத்தினார். ஒரு பலசாலி, ஒரு நோஞ்சான். ஒன்றை ஒன்று கொல்கிறது என்று யார் கேட்டாலும் நம்புவார்கள்.

"பின்னால பாருங்க," என்றாள் ஜானெல்.

மூன்று வெள்ளைப் பைகளும் வெள்ளையாக இருந்தன. அவற்றின் மேலிருந்த கறுப்பு முழுதும் எழுந்து வானத்தில் வந்துகொண்டிருந்தது. கொட்டிலுக்கு அப்பாலிருந்து வேறொரு கூட்டம். ஓடைக்கு மேலிருந்து இன்னொன்று. சண்டை பார்க்க ஊரே கிளம்பியதுபோலத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு, யார் செத்தது, யார் கொன்றது என்று எல்லாம் ஒரே நேரத்தில் விசாரித்தன.

பள்ளத்தாக்கின் மிகச் சிறந்த இரண்டு காக்கை வேட்டைக்காரர்கள் கீழே நின்றார்கள், இருவர் துப்பாக்கியிலும் ஒரு தோட்டா இல்லாமல்.

வில்மர் பையில் கைவிட்டு முதலில் ஊதல் உறையை எடுத்தார். டெல்பர்ட் ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் வைத்துக்கொண்டு தேடினார். கடைசியில் சுட்டார்கள். முதல் நான்கு வெடிக்கும் வானம்தான் அடிபட்டது. பிறகு விரல்கள் பழைய பழக்கத்துக்கு வந்தன. ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம், யாரும் பிரித்துச் சொல்லாமலே. ஏழு விழுந்தன. மிச்சமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போய், அன்று திரும்பி வரவில்லை.

வெடிச் சத்தம் கேட்டுக் கேலன் டிராக்டரில் வந்தான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு பேருக்குமா சனிக்கிழமைன்னு சொன்னேன்?"

"ஆமா," என்றார்கள் இருவரும்.

"பால் கறக்கிறப்ப போன்ல கேட்டா எதுக்கும் சரின்னுதான் சொல்லுவேன்." பைகளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "யாரு கிளப்பினது?"

பொய் சொல்லியிருக்கலாம். வயல் அந்த ஒரு பதிலில் இருந்தது. வில்மர் குனிந்து பெட்டியைக் காட்டினார். "அது."

அதே நேரத்தில் டெல்பர்ட் வில்மரைக் காட்டி, "அவன்," என்றார்.

கேலனுக்கு இது புரியவில்லை. புரிந்துகொள்ள அவனுக்கு நேரமும் இல்லை. "சரி, ஏப்ரல் வரைக்கும் வயல் உங்க ரெண்டு பேருக்கும். ஆனா மாட்டுப்பாதைல ரெண்டு வண்டி ஓடினா சேறாப் போகும். ஒரே வண்டில வரணும். ஒருத்தர் மட்டும் வந்தா வயல் கதவத் தெறக்க மாட்டேன். வேட்டுக்குழாய் வாங்கிடுவேன்."

டிராக்டர் போனது. இருவரும் தத்தம் பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டு, ஒருவர் சாலைப் பக்கமும் ஒருவர் ஓடைப் பக்கமுமாகப் போனார்கள். எப்படிப் போயிற்று என்று வீட்டில் வெர்னா கேட்டதற்கு வில்மர், "கிடைச்ச மாதிரியும் இருக்கு, கிடைக்காத மாதிரியும் இருக்கு," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் கழுவினார். திங்கள்கிழமை பக்கத்து இருக்கையில் கிடந்த கயிறு, கையுறை, பழைய காப்பிக் கோப்பை எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டார்.

புதன்கிழமை மத்தியானம் நூலகத்துக் கதவு திறந்தது. ஜானெல் நிமிர்ந்து பார்த்தாள். சுத்தமான குல்லாயோடு வில்மர் நின்றார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. அலமாரிகளை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மேசைக்கு வந்தார்.

"ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

"டெல்பர்ட் நம்பர் உன்கிட்ட இருக்குமா?"

"தேடி எடுக்கலாம்."

"எனக்கு வேணாம். நீயே பேசு." அங்கே மெதுவாகப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் பக்கம் குனிந்து, பல்லில் காற்று சீற, கிசுகிசுத்தார்: "வெள்ளிக்கிழமை காலைல எத்தன மணிக்கு அவன் வீட்டு வாசல்ல வண்டி நிக்கணும்னு கேளு. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிடாதே."

கதவு வரை போனார். குல்லாயைச் சரிசெய்துகொண்டு, திரும்பி வந்தார்.

"சரி. சொல்லு."